காசு வாங்காத ஸ்விங்!

வீடியோ கேம்களுக்கு ஜாஸ் எழுதி, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இணையத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள் சிலர். கொடுப்பவருக்கு என்ன லாபம்? எடுப்பவருக்கு எங்கே வில்லங்கம்?

கூண்டுக்குள் ஓர் ஆரஞ்சு நிறக் கொரில்லா. வெளியே துப்பாக்கியோடு ஒரு காவலாள். பொத்தானை அழுத்துகிறீர்கள். கூண்டு உடைகிறது. காவலாள் சுவரில் மோதிச் சிதறுகிறான். அந்த நொடியே ‘ஜ்ஷ்ங்ங்’ என்று ஒரு சிம்பல் அதிர்கிறது. கொரில்லா ஓடினால் டிரம்ஸும் ஓடுகிறது. மூலையில் பதுங்கினால் டிரம்ஸ் மூச்சு வாங்குகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டால் ஸ்னேரும் டாமும் சிம்பலும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, வாசிப்பவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைக்க வைக்கின்றன.

வாசிப்பவர் யாரென்று பார்த்தால், நீங்கள்தான். உங்கள் விரல்களின் அவசரத்தையும் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, முன்பே பதிவு செய்த டிரம்ஸ் துணுக்குகளை அந்தந்த நொடியில் கோத்துத் தருகிறது கேம்.

‘ஏப் அவுட்’ என்ற இந்த கேம் 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேம் சென்டரில் படித்த கேப் குஸில்லோ உருவாக்கியது. டிரம்ஸை ஆட்டத்தோடு பின்னியவர் மேட் போக். கேமின் கட்டங்களுக்குக்கூட இசைத்தட்டின் தோற்றம்தான்: உறை, ஏ பக்கம், பி பக்கம். மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத 60-களின் கட்டற்ற ஜாஸை, அதைக் கேட்கவே பொறுமையில்லாத ஒரு தலைமுறை இரண்டு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ‘வாசித்தது’.

‘ஏப் அவுட்’ காசு கொடுத்து வாங்கும் கேம். அதன் இசைக்கென்றே ஓர் ஆள் இருந்தார். அப்படி ஆள் இல்லாத கேம்கள்தான் உலகில் அதிகம். அவற்றுக்கு இசை எங்கிருந்து வருகிறது?

சனிக்கிழமை ராத்திரிப் பிரச்னை

‘கேம் ஜாம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு தலைப்பு கொடுப்பார்கள். வார இறுதிக்குள் முழு கேம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். 2002-ல் தொடங்கிய ‘லூடம் டேர்’ போட்டியில் 48 மணி நேரம்தான் கெடு. 2009 முதல் ‘குளோபல் கேம் ஜாம்’ உலகெங்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிற மென்பொருள்காரர்கள், ஓவியம் வரையத் தெரிந்த நண்பர் ஒருவர் என்று சின்னச் சின்னக் குழுக்கள்.

இந்தக் குழுக்களில் பெரும்பாலும் இசை தெரிந்தவர் இருப்பதில்லை. சனிக்கிழமை நள்ளிரவில், பாத்திரம் நடக்கிறது, குதிக்கிறது, சாகிறது, எல்லாம் ஊமைப்படமாக. அப்போதுதான் யாராவது ‘துப்பறியும் கதைதானே, பின்னாடி ஒரு ஜாஸ் போட்டா எப்படி இருக்கும்?’ என்பார்கள். தேடல் தொடங்கும்.

தேடுகிறவர்கள் போய்ச் சேரும் இடங்கள் சில. 2009-ல் தொடங்கிய ‘ஓப்பன் கேம் ஆர்ட்’ தளத்தில் படங்களோடு இசையும் குவிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலி அதே ஆண்டில் தொடங்கிய ‘ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ்’ இன்னொன்று. தனி ஒலிகள் வேண்டுமென்றால் பார்சிலோனாவின் பொம்பியூ ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் நடத்திவரும் ‘ஃப்ரீசவுண்ட்’.

தனி மனிதர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கெவின் மெக்லவுட். அமெரிக்கர். ‘இன்காம்பிடெக்’ என்ற தன் தளத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இசைத் துணுக்குகளை வைத்திருக்கிறார். என் பெயரைப் போட்டால் போதும், காசு வேண்டாம் என்பதுதான் நிபந்தனை. மெக்ஸிகோ நகரத்தின் ஸ்குவாட் நிறுவனம் செய்த ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற ராக்கெட் கேமில் அவருடைய இசை உண்டு. அவருடைய ‘லோக்கல் ஃபோர்காஸ்ட் – எலிவேட்டர்’ என்ற மென்மையான ஜாஸ் துணுக்கை, அவர் பெயரே தெரியாமல் நீங்களும் ஏதாவது ஒரு காணொளியில் கேட்டிருப்பீர்கள். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே 2020-ல் வந்துவிட்டது.

ஏன் ஜாஸ்?

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1985-ல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ, ஐந்தே ஒலித் தடங்கள் கொண்ட ஒரு சில்லை வைத்துக்கொண்டு லத்தீன் தாளத்தையும் ஸ்விங்கையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். அந்த மெட்டை 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் நுழைந்த முதல் வீடியோ கேம் இசை அதுதான். 1998-ல் ‘கிரிம் ஃபண்டாங்கோ’வுக்கு பீட்டர் மெக்கானல் உண்மையான ஜாஸ் கலைஞர்களை வாசிக்க வைத்தார். 2017-ல் கனடாவின் ‘கப்ஹெட்’ வந்தது. கிறிஸ்டோஃபர் மாடிகன் 13 பேர் கொண்ட பிக் பேண்ட், 10 பேர் கொண்ட ராக்டைம் குழு என்று கூட்டி வாசித்த இசைக்கு 2018-ல் பாஃப்டா விருது. மறு ஆண்டு பில்போர்டின் ஜாஸ் ஆல்பம் பட்டியலில் முதலிடம். 2022-ல் ‘8-பிட் பிக் பேண்ட்’ என்ற குழு, ‘கிர்பி’ கேமின் மெட்டு ஒன்றை ஜாஸாக வாசித்து கிராமி வாங்கியது.

இவையெல்லாம் பணம் புழங்கும் இடங்கள். ஓசியில் இசை தருபவர்களும் ஏன் ஜாஸ் பக்கம் சாய்கிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி. காரணம் ஜாஸின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

சினிமாவுக்குப் பின்னணி இசை போடுகிறவருக்கு, கதாநாயகன் எந்த வினாடியில் கதவைத் திறப்பான் என்று தெரியும். கேமுக்கு இசை போடுகிறவருக்கு அது தெரியாது. ஒருவர் பத்து வினாடியில் திறப்பார். இன்னொருவர் கதவு முன்னால் நின்று அலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். ஆகவே எத்தனை முறை சுற்றினாலும் சலிக்காத, எந்த இடத்தில் வெட்டினாலும் அறுந்ததாகத் தெரியாத இசை வேண்டும்.

ஜாஸில் முதலில் மெட்டை வாசிப்பார்கள். அதன் கார்ட் (ஸ்வரக் கூட்டு) வரிசை அப்படியே சுழன்றுகொண்டிருக்க, அதன் மேல் ஒவ்வொருவரும் தன் கற்பனையை விரிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து, நிரவலில் விரித்து, கல்பனாஸ்வரம் பாடி, எடுப்பில் வந்து விழும் நம் கச்சேரி ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாருக்கு நான்கு தட்டு; 12 பார் ப்ளூஸ் என்றால் 48 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் 24 வினாடிக்கு ஒரு சுற்று. 32 பார் பாட்டு என்றால் 64 வினாடி. சுற்றிச் சுற்றி வருவதற்கென்றே பிறந்த வடிவம். மேலே வாசிப்பவர் மாறிக்கொண்டே இருந்தால் சுற்று தெரியாது.

கேம் உலகம் இதைத் தானாகவே கண்டுபிடித்தது. 1991-ல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’வில் வுட்டிக் என்றொரு ஊர் வரும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனால், அடிப்படை இசை ஓடிக்கொண்டே இருக்க, மேலே வாசிக்கும் வாத்தியமும் மெட்டும் வழுக்கிக்கொண்டு மாறும். மைக்கேல் லேண்டும் அதே பீட்டர் மெக்கானலும் லூகாஸ்ஆர்ட்ஸில் உருவாக்கிய ‘ஐமியூஸ்’ முறை அது. அன்று அது பேட்டன்ட் வாங்கிய நுட்பம். இன்று ‘கோடோ’ என்ற இலவசக் கேம் எஞ்சினின் 4.3 பதிப்பில், 2024-லிருந்து, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் வசதி எல்லாருக்கும் சும்மா கிடைக்கிறது.

வாத்தியம் இல்லாத வித்வான்கள்

வீட்டில் உட்கார்ந்து ஜாஸ் எழுதுவது எப்படி? எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர், கோப்பதற்கு எல்.எம்.எம்.எஸ்., ஆர்டர் என்று மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாத்திய ஒலிக்கு சவுண்ட்ஃபான்ட் கோப்புகள். பியானோ, விரலால் சுண்டும் டபுள் பாஸ், வைப்ரஃபோன், பிரஷ் கொண்டு தடவும் டிரம்ஸ் ஆகிய நான்கையும் கணினியில் ஓரளவு நம்பும்படி செய்துவிடலாம். இலவச ஜாஸ் கிடங்குகளில் பியானோ–பாஸ்–டிரம்ஸ் மூவர் குழுக்களாகவே கொட்டிக் கிடப்பதன் ரகசியம் இதுதான். ரசனை பாதி, வசதி பாதி.

சாக்ஸபோன் என்று வந்தால் மாட்டிக்கொண்டார்கள். மூச்சு, வழுக்கல், தொண்டை உறுமல், ஸ்வரத்துக்குள் நுழையும்போது வரும் சின்ன இழுப்பு எதையும் விசைப்பலகை தராது. விசைப்பலகை சாக்ஸபோனைக் கேட்டால் நாலு வினாடியில் தெரிந்துவிடும். என் அபிப்பிராயத்தில், உண்மையான ஊதுகுழல் கிடைக்காதவர்கள் ஊதாமலே இருப்பது நல்லது. வைப்ரஃபோன் எவ்வளவோ மேல்.

ஸ்விங் அடுத்த சோதனை. ஒரு தட்டைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முதல் பாதியை நீட்டி இரண்டாவதைக் குறுக்க வேண்டும். கணினியில் அதற்கு ஒரு திருகு உண்டு. அதை 2:1 என்று வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களின் இசை, குதிரை வண்டி மாதிரி ‘டக்கடி டக்கடி’ என்று ஓடும். வேகம் கூடக் கூட அந்த விகிதம் சமமாகிக்கொண்டே வரும் என்பது வாசிக்கிறவர்களின் கைக்குத் தெரியும். திருகுக்குத் தெரியாது.

யாரும் பேசாத ஒரு சில்லறை விஷயம் பாதி உழைப்பைக் கெடுக்கிறது. எம்.பி.3 கோப்பாக மாற்றும்போது தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத மௌனத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். பாட்டாகக் கேட்டால் தெரியாது. கேமில் சுற்றவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டுக்’ என்று ஒரு விக்கல். அதனால்தான் கேம் இசையை ஓக் வோர்பிஸ் கோப்பாகக் கேட்கிறார்கள். கடைசி ஸ்வரத்தின் எதிரொலியும் அடுத்த சுற்றின் தொடக்கத்தில் கலந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கத்தரித்த மாதிரி இருக்கும்.

விவரம் தெரிந்து கொடுப்பவர்கள் பாட்டை ஒரே கோப்பாகக் கொடுப்பதில்லை. டிரம்ஸ் தனி, பாஸ் தனி, பியானோ தனி, டிரம்பெட் தனி. எல்லாம் ஒரே நீளம். துப்பறிவாளர் வெறும் தெருவில் நடக்கும்போது பாஸ் மட்டும். மதுக்கடைக்குள் நுழைந்தால் பியானோ சேரும். எவனோ பின்தொடர்கிறான் என்றால் டிரம்ஸ். டெவலப்பருக்கு இப்படி ஒரு கட்டு கிடைப்பது, முழுப் பாட்டுகள் பத்து கிடைப்பதைவிடப் பெரிய வரம்.

■ பெட்டிச் செய்தி: உரிமச் சீட்டுகள்

கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பு 2001-ல் தொடங்கியது. முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. இப்போது புழக்கத்தில் இருக்கும் 4.0 பதிப்பு 2013-ல் வந்தது.

சிசி0: எழுதியவர் தன் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறார். பெயர்கூடப் போட வேண்டாம்.

சிசி-பை: எழுதியவர் பெயர், எங்கே எடுத்தது, எந்த உரிமம் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். பாட்டின் பெயரையும் சொல்வது நல்லது. மாற்றியிருந்தால் அதையும்.

சிசி-பை-எஸ்ஏ: மாற்றிச் செய்தால், செய்ததையும் இதே உரிமத்தில் ஊருக்குத் தர வேண்டும்.

என்சி என்று பின்னொட்டு இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. என்டி என்று இருந்தால் மாற்றக் கூடாது. என்டி இசையைக் காணொளியில் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்ப்பதையே ‘மாற்றம்’ என்றுதான் உரிமம் கணக்கில் எடுக்கிறது. ஆகவே என்டி என்று பார்த்தாலே கேம்காரர்கள் நகர்ந்துவிடுவது உத்தமம்.

பாட்டுக்குக் கெடு வந்தால்…

இலவச இசை என்றால் ஏழைக் குழுக்களின் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள், பெரிய கேம்களுக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

ஃபின்லாந்தின் ரெமெடி நிறுவனம் உருவாக்கி 2010-ல் வெளிவந்த ‘ஆலன் வேக்’ நல்ல பெயர் வாங்கிய கேம். அதில் ஒலிக்கும் பிரபலப் பாட்டுகளுக்கு வாங்கிய உரிமம் காலாவதியானதும், 2017 மே மாதம் கடைகளிலிருந்து கேமையே எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் 90 சதவீதத் தள்ளுபடியில் விற்றார்கள். உரிமத்தைப் புதுப்பித்து மறுபடி விற்பனைக்கு வந்தது 2018 அக்டோபரில். ஒன்றரை ஆண்டு, வாங்க நினைத்தாலும் வாங்க முடியாது.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ கதை வேறு மாதிரி. கேம் வந்தது 2008 ஏப்ரலில். பத்து ஆண்டு உரிமம் முடிந்ததும், 2018 ஏப்ரலில் அதன் கார் வானொலியிலிருந்து ஏராளமான பாட்டுகள் காணாமல் போயின. காசு கொடுத்து வாங்கி, வீட்டுக் கணினியில் வைத்திருந்தவர்களின் கேமிலிருந்தும் அப்டேட் வழியாகப் போயின. வாங்கின பொருளின் உள்ளே கையை விட்டு எடுப்பது என்பது வேறு எந்த வியாபாரத்தில் நடக்கும்?

அடுத்த அடி, கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிறவர்கள் மேல் விழுந்தது. 2020 அக்டோபரில் ட்விட்ச் தளம், காப்புரிமைப் புகார்கள் குவிந்ததால், ஏராளமானோரின் பழைய காணொளிகளை எச்சரிக்கை மின்னஞ்சலோடு அழித்தது. பின்னணியில் கேமின் வானொலி பாடியதும் குற்றம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’, காப்புரிமைப் பாட்டுகளை அணைத்துவைக்க ஒரு பொத்தானோடு வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து இசை சேர்த்துவிட்டு, அதை அணைக்க ஒரு பொத்தான்!

நேரலைக்காரர்கள் இன்று கேமின் கதையை மட்டுமல்ல, இசையின் சீட்டையும் பார்த்துத்தான் ஆட எடுக்கிறார்கள். சிறு கேம்களுக்கு விளம்பரமே அவர்கள்தான். ஆக, சுத்தமான உரிமத்தோடு வரும் ஓர் இலவச ஜாஸ் துணுக்கு, காசு கொடுத்து வாங்கும் புகழ்பெற்ற பாட்டைவிட அதிக நாள் உயிரோடிருக்கும். சிசி உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. கொடுத்தவர் மனம் மாறினாலும், நிபந்தனைப்படி ஏற்கெனவே எடுத்தவரிடமிருந்து பிடுங்க முடியாது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அந்தச் சமையலறையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும். புகழ்பெற்ற சினிமாப் பாட்டுகளைத் தேடிப் போகாமல், வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிய பாட்டுகளையே போட்டார்கள். 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வென்றது ‘வெண்பா’. இலவச இசை இல்லைதான். ஆனால் சாயலை எடுத்துக்கொண்டு சொந்தமாகச் செய்வது என்பதில், இலவச ஜாஸ்காரர்களும் அவர்களும் ஒரே வழியில்தான் போகிறார்கள்.

வில்லங்கங்கள்

கேமை இலவசமாகத் தருகிறேன், ஆனால் இடையில் விளம்பரம் வரும். இது வியாபாரமா? என்சி இசையைப் போடலாமா? போடாதீர்கள். விளம்பரத்தில் பணம் வருகிறது என்றால் வாதாடுவதற்கு இடமே இல்லாமல் போகலாம்.

சிசி-பை உரிமத்தில் பலரும் படிக்காமல் தாண்டும் ஒரு வரி உண்டு. அந்த இசையைப் பிறர் பயன்படுத்த முடியாதபடி பூட்டுப் போடக் கூடாது என்கிறது அது. கைபேசிக் கடைகளும் கேம் கன்சோல்களும் பூட்டுப் போட்டுத்தான் விற்கின்றன. சண்டை போட்டவர்கள் குறைவு. ஆனால் முரண் முரண்தான். இதற்காகவே ‘ஓப்பன் கேம் ஆர்ட்’ தளம், அந்த ஒரு நிபந்தனையை மட்டும் நீக்கி, ‘ஓஜிஏ-பை’ என்று சொந்தமாக ஓர் உரிமம் செய்து வைத்திருக்கிறது. கேமுக்கென்று இசை கொடுப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தால் டெவலப்பருக்கு ஒரு தலைவலி குறையும்.

இன்னொரு தொல்லை இன்னும் எரிச்சலூட்டுவது. இலவச இசையை எவரோ எடுத்து, அதன் மேல் இரண்டு தட்டு சேர்த்து, தன்னுடையது என்று யூட்யூபின் தானியங்கிக் கண்காணிப்பில் பதிந்துவிடுவார். பிறகு அந்த இசையை முறையாகப் போட்ட கேமை ஆடிக் காட்டுகிறவர்களுக்கெல்லாம் உரிமைக் கோரிக்கை வரும். எழுதியவருக்கே தன் இசைக்காக நோட்டீஸ் வந்த கூத்தும் நடக்கும். எடுக்கும் அன்றே உரிமப் பக்கத்தை ஒரு படமெடுத்து, தேதியோடு கோப்பில் வைத்துக்கொள்வதைத் தவிர இதற்குப் பெரிய மருந்து இல்லை.

■ பெட்டிச் செய்தி: செஞ்சிலுவைச் சங்கத்தின் பாட்டு

1959-ல் வெளிவந்த ‘டேக் ஃபைவ்’, ஐந்து தட்டுத் தாளத்தில் அமைந்த புகழ்பெற்ற ஜாஸ். எழுதியவர் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். 1977-ல் இறந்தபோது, அதன் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். ‘நானே வாசித்தேன், ஆகவே இலவசம்’ என்று அதை யாராவது கிடங்கில் ஏற்றினால், அவர் தானம் செய்வது தன் பொருளையல்ல. வாசிப்பு ஒரு சொத்து, மெட்டு வேறொரு சொத்து. வாசிப்பு உங்களுடையதாக இருக்கலாம். மெட்டு இல்லை.

கார்ட் யாருக்கும் சொந்தமில்லை

அப்படியென்றால் பழைய ஜாஸிலிருந்து எதைத்தான் எடுக்கலாம்? ஜாஸ்காரர்கள் இந்தக் கேள்விக்கு 1940-களிலேயே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். கெர்ஷ்வின் 1930-ல் எழுதிய ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் கார்ட் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புதிய மெட்டு எழுதினார்கள். சார்லி பார்க்கர் வாசித்த ‘ஆந்த்ரொபாலஜி’யும் சோனி ரோலின்ஸின் ‘ஓலியோ’வும் அப்படிப் பிறந்தவைதான். மெட்டுக்குத்தான் காப்புரிமை, பொதுப் புழக்கத்தில் இருக்கும் கார்ட் வரிசைக்கு இல்லை. ராயல்டி கொடுக்காமல் தப்பிக்கவும் இது உதவியது, புதுமை செய்யவும் உதவியது. இன்று வீட்டில் உட்கார்ந்து கேமுக்கு ஜாஸ் எழுதுகிற இளைஞர் இதே வழியில் போனால் யாரும் கேட்க முடியாது.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. உலகின் முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று சொல்லப்படும் ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’ 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் பதிவானது. கிளாரினெட் சேவலாகக் கூவும், கார்னெட் குதிரையாகக் கனைக்கும், டிராம்போன் மாடாகக் கத்தும். தட்டு அமோகமாக விற்றதும், மெட்டு யாருடையது என்று அதே ஆண்டில் சிகாகோவில் வழக்கு. இரு தரப்பையும் கேட்ட நீதிபதி கார்பென்டர், உங்கள் இருவருக்குமே உரிமை இல்லை என்று அனுப்பிவிட்டார். ஜாஸ் பிறந்த கையோடு நீதிமன்றம் ஏறி, யாருக்கும் சொந்தமில்லாமல் இறங்கியது.

யார் சோறு போடுவது?

‘பெயர் போட்டால் போதும்’ என்பவருக்குப் பெயரால் என்ன கிடைக்கும்? மெக்லவுடின் வழி ஒன்று. பெயர் போட இடமில்லை, விருப்பமில்லை என்பவர்கள் காசு கொடுத்து வேறு உரிமம் வாங்கிக்கொள்ளலாம். நன்கொடையும் வரும். வேறு சிலர் ஐந்து பாட்டு இலவசம், மொத்தக் கட்டு விலைக்கு என்று இட்ச்.ஐஓ என்ற கேம் சந்தைத் தளத்தில் வைக்கிறார்கள். பலருக்கு இலவசப் பாட்டு ஒரு விசிட்டிங் கார்டு. கேமின் கடைசித் திரையில் பெயரைப் பார்த்து அடுத்த கேம்காரர் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை.

அந்தக் கடைசித் திரையைத்தான் பல கேம்கள் போடுவதே இல்லை. ஜாம் முடிகிற அவசரத்தில் விட்டுப்போனது என்பார்கள். விட்டுப்போனால் உரிமமும் போயிற்று. சிசி-பை 4.0-ல், தவறு தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் திரும்ப வந்துவிடும் என்ற கருணை உண்டு. கொடுத்தவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவது அபூர்வம். பேசாமல் அடுத்த பாட்டைக் கொடுக்காமல் இருந்துவிடுவார். எனக்குத் தெரிந்து இந்த உலகின் உண்மையான நஷ்டம் அதுதான், அதற்குக் கணக்கும் கிடையாது.

இப்போது புதிதாக ஒரு போட்டியாளர். ‘1940, சிகாகோ, மழை, சாக்ஸபோன்’ என்று தட்டினால் அரை நிமிடத்தில் பாட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு. பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில், இப்படிப் பாட்டுத் தரும் சூனோ, உடியோ நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு ஜனவரி முதல், செயற்கை நுண்ணறிவு எங்கே பயன்பட்டது என்று சொன்னால்தான் கேமை ஸ்டீம் கடை ஏற்கிறது. இன்னொரு சிக்கல் நுட்பமானது. முழுக்க இயந்திரம் செய்ததற்குக் காப்புரிமை கிடையாது என்கிறது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம். அப்படி ஒரு பாட்டை ‘சிசி-பை’ என்று ஒருவர் இலவசக் கிடங்கில் ஏற்றினால், தன்னிடம் இல்லாத உரிமைக்கு நிபந்தனை போடுகிறார். அது நாளை யாருடைய பாட்டின் நகல் என்று தெரியவந்தால், மாட்டிக்கொள்வது எடுத்துப் போட்ட டெவலப்பர்.

சந்தேகமே வேண்டாம் என்கிறவர்களுக்குப் பழைய பெட்டி திறந்துகொண்டே வருகிறது. 2022 ஜனவரி 1 அன்று, 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் எல்லாம் அமெரிக்கச் சட்டப்படி ஒரே நாளில் பொதுவாயின. 2024-ல் கிங் ஆலிவர் குழுவின் 1923 பதிவுகள். 2026 ஜனவரி 1 முதல், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ குழு 1925 நவம்பரில் சிகாகோவில் பதிந்த முதல் தட்டுகள். அவற்றில் ‘கட் பக்கெட் ப்ளூஸ்’ என்று ஒன்று. அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பதிவைக் கேமில் போட அனுமதி கேட்க வேண்டாம், யார் பெயரையும் போட வேண்டாம். வாசிப்புக்கு நடுவே ஆம்ஸ்ட்ராங்கே பாஞ்சோ, பியானோ, டிராம்போன், கிளாரினெட் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துகிறார். அந்தக் குரலை நீக்கிவிட்டு இசையை மட்டும் பிரித்தெடுப்பது சுலபமில்லை.